பதினாறு நட்டு

விற்கப் போகிற வண்டிக்கு எவனாவது மெனக்கெட்டு டயரை இடம் மாற்றிப் போடுவானா? போடுவான். இதோ ராக்கியண்ணன் போடுகிறாரே. அறுபத்தொன்பது வயதில், இடது முட்டி மடங்க மாட்டேன் என்று அடம் பிடிக்க, ஈரோட்டில் அந்த ஹவுசிங் யூனிட்டின் வேப்பமரத்தடியில் காலை எட்டு மணிக்கே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு மணைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து, ஒன்றை அல்ல, டிக்கிக்குள் கிடக்கிற ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தையும் மாற்றுகிறார். பத்து மணிக்கு மகன் சேகர் திருப்பூரிலிருந்து வருகிறான், வண்டி வாங்க ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு. "கழுவி மட்டும் வையுங்கப்பா, வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று நேற்று போனில் சொன்னான். கழுவி மட்டும். பெண் பார்க்க வருகிறார்கள், முகத்தைக் கழுவிக்கொண்டு நில் என்கிற மாதிரி. நீ யார்றா சொல்றதுக்கு, வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்னு? எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா டயரை மாற்றிப் போட வேண்டும், போன வாரத்தோடு எட்டாயிரம் ஆயிற்று, மாற்றுகிறேன், அவ்வளவுதான் சங்கதி. நாளைக்கு இது எவன் வாசலில் நிற்கும் என்பது வேறு பேச்சு. இன்றைக்கு என் வாசலில் நிற்கிறது. ஹேண்ட் பிரேக் இழுத்தாச்சு, முதல் கியரில் போட்டாச்சு, முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல் வெச்சாச்சு என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் சுருக்கென்றது. இதென்ன புதுப் பழக்கம், செய்ததைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்வது? ஒன்பது நாளாகத்தான் இது. கேஸை அணைச்சாச்சு, கதவைப் பூட்டியாச்சு, செருப்பை மாட்டியாச்சு. அட கெரகமே, செருப்பை மாட்டியாச்சா என்று காலுக்குத் தெரியாதா? இனிமேல் சொல்லப் போவதில்லை என்று வாயை இறுக்கிக்கொண்டு, பின் இடது சக்கரத்தின் முதல் நட்டில் வீல் ஸ்பானரை மாட்டினார்.

வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டை இளக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு இளக்கினால் சக்கரம் சேர்ந்து சுற்றும், ஜாக்கி சாயும், அப்புறம் ஆஸ்பத்திரிதான். இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கைக்கே தெரியும். முப்பத்துமூன்று வருஷம் அரசாங்கக் கார் ஓட்டின கை. ஆனால் நட்டு அசையவில்லை. இன்னொரு தரம் அழுத்தினார். தோள்பட்டையில் விண்ணென்று ஒரு வலி ஓடியதே தவிர நட்டு சிவனே என்று இருந்தது. வேண்டாம்யா, விட்டுரு, கழுவி மட்டும் வெச்சுரு என்று உள்ளுக்குள் ஒரு குரல் எழுந்தது. அது சேகரின் குரல் மாதிரியே இருந்ததால் ராக்கியண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து, ஸ்பானரின் பிடியைக் கிடைமட்டமாக வைத்து, வண்டியின் கூரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வலது காலை அதன் மேல் ஏற்றி முழு உடம்பையும் இறக்கினார். கிறீச் என்று இளகியது. வாடி வா. நாலு நட்டும் இளகின, ஜாக்கி ஏறியது, சக்கரம் கையோடு வந்தது. அந்த இடத்தில் ஸ்டெப்னி. கழற்றிய இந்தச் சக்கரம் குறுக்கே போய் முன் வலதுக்கு. முன் வலது நேர் பின்னால். பின் வலது குறுக்கே முன் இடதுக்கு. முன் இடது கடைசியில் டிக்கிக்குள் போய்ப் படுத்து ஓய்வெடுக்கட்டும். ஐந்து டயர், ஒரு ஜாக்கி, நாலு தூக்கு, பதினாறு நட்டு. சில பேர் ஸ்டெப்னியைத் தொடவே மாட்டார்கள். வாங்கின அன்றைக்கு டிக்கியில் படுக்க வைத்ததுதான், பூ மாதிரி வைத்திருப்பார்கள், அப்புறம் ஒரு நாள் நடுரோட்டில் எடுத்து மாட்டினால் அரை மணியில் பிளந்துகொண்டு நிற்கும். ஓடித் தேய்ந்த டயரை நம்பலாம். சும்மா கிடந்து புதுசாகவே இருக்கிற டயரை நம்பக் கூடாது. சும்மா இருங்கப்பா, சும்மா இருங்கப்பா என்று இவன்களுக்கு ஒரே பாட்டு. சும்மா இருந்தால் ரப்பரே வெடிக்கிறது, மனுசன் என்ன ஆவான்? பேரன் வைத்துவிட்டுப் போன சாக்பீசால் ஒவ்வொரு டயரிலும் எண் போட்டார். மறதிக்காக இல்லை. எப்போதும் போடுவதுதான்.

எப்போதும் போடுவதுதானா? ஆமாம், எப்போதும்தான். ஒன்பது நாளைக்கு முன்னால்கூட. அந்த ஒன்பது நாள் இப்படித்தான், எந்தப் பக்கம் நினைப்பை ஓட்டினாலும் அந்த டீக்கடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அந்தியூரில் ஒரு கல்யாணம். இவரும் பெண்டாட்டி மயிலாத்தாளும் மட்டும். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ரோட்டோரம் புளியமரத்தடியில் ஒரு டீக்கடை, நிறுத்தி ஆளுக்கொரு டீ குடித்தார்கள். இவர் முதலில் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். மயிலாத்தாள் பின் கதவைத் திறந்து, தேங்காய்ப் பையையும் கைப்பையையும் சீட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டுக் கைகழுவக் கடைக்குப் பின்னால் போனாள். இவருக்குக் கேட்டது கதவுச் சத்தம் மட்டும். டப். டப் என்றால் கிளம்பு என்று அர்த்தம். முப்பத்துமூன்று வருஷமாக அதுதான் அர்த்தம். எந்த அதிகாரியும் 'போலாம்' என்று வாயைத் திறந்து சொன்னதில்லை, பின் கதவு சாத்துகிற சத்தம்தான் உத்தரவு. கிளம்பிவிட்டார். பன்னிரண்டு கிலோமீட்டர். சும்மா போனாரா? பேசிக்கொண்டே போனார். ரசம் பரவாயில்லை, பாயாசத்தில்தான் சர்க்கரையைக் கொட்டி வைத்திருக்கிறான் என்றார். மாப்பிள்ளை கொஞ்சம் பூசினாப்பல இருக்கிறான் இல்லையா என்றார். உன் அக்கா மகன் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனான், கவனித்தாயா என்றார். பதில் வராதது ஒன்றும் புதிதில்லை, அவள் பத்துக்கு ஒன்றுக்குத்தான் வாய் திறப்பாள். பவானிக்குள் நுழைகிற இடத்தில் "தண்ணி பாட்டலக் குடு" என்று கையைப் பின்னால் நீட்டினார். நீட்டின கை அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் பின் சீட்டில் பைக்குள்ளிருந்து அடித்தது. மகள் சுகந்தி. எடுத்தவர் பொய் சொல்லத் தெரியாமல் சொன்னார்: "அம்மா இல்ல சாமி. வழியில விட்டுட்டு வந்துட்டேன்."

அங்கேதான் வந்தது வினை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் திரும்பிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருப்பார், புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் உள்ள சிரிப்போடு போயிருக்கும். சுகந்தி போனிலேயே அழுதாள். சேகர் சாயந்தரமே பஸ் பிடித்து வந்துவிட்டான். கட்டின பொண்டாட்டியையே மறந்துட்டு வந்துட்டீங்களேப்பா, நாளைக்கு யார் மேலயாவது ஏத்தீட்டு வந்தீங்கன்னா என்றான். மறக்கலடா, அவ ஏறிட்டான்னு நெனச்சேன் என்றார். அதத்தானுங்கப்பா எல்லாரும் மறதிங்கறாங்க என்றான். இவருக்கு வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. மறப்பது என்றால் அவள் இருப்பதே நினைப்பில் இல்லாமல் போவது. இவருக்கோ அவள் இல்லாத இடத்திலும் இருந்தாள், பன்னிரண்டு கிலோமீட்டர் அவளோடுதானே பேசிக்கொண்டு வந்தார்? ஆனால் அப்படி யோசிக்கும்போதே இன்னொரு கேள்வியும் கூடவே கிளம்பும். இல்லாத ஆளோடு பேசுவது மறதியைவிட மோசம் இல்லையா? சரி, அது பழக்க தோஷம். பழக்க தோஷம்தானா? பழக்க தோஷமேதான் போ. இந்தச் சண்டையில் அவருக்கு வேண்டியது ஒரே ஒரு சாட்சி. அந்தச் சாட்சி மேலே, முதல் மாடியில், சமையல்கட்டில் இருக்கிறது, வாயே திறக்கவில்லை. அன்றைக்கு இவர் திரும்பிப் போனபோது டீக்கடை பெஞ்சில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து பின் சீட்டில் ஏறினாள். வீடு வரைக்கும் ஒரு சொல் இல்லை. அதற்கப்புறம் ஒன்பது நாளாக வண்டியில் ஏறவில்லை. மார்க்கெட்டுக்கு பஸ்ஸில் போய்விட்டு வருகிறாள். சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், வண்டிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறாள். "அம்மாவே பயப்படறாங்கப்பா" என்று சேகர் சொன்னான். சொன்னாளா, இவனே சொல்கிறானா? கேட்டுவிடலாம். ரெண்டு படி ஏறினால் கேட்டுவிடலாம். அவள் மட்டும் ஆமாங்க, உங்ககூட வரப் பயமா இருக்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராக்கியண்ணன் அந்த நிமிஷமே சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். அதனால்தான் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் பயப்படாத மனுசன் அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு கீழே உட்கார்ந்து நட்டுத் திருகுகிறார்.

முன் வலதைத் தூக்கி, கழற்றி, ஒன்றாம் நம்பர் டயரைத் தூக்கி வைக்கும்போது மூச்சு வாங்கியது. நட்டுகளைக் கையாலேயே பிடிக்கிற வரைக்கும் சுற்றிவிட்டு, வண்டியை இறக்கி, ஸ்பானரை எடுத்தார். மேலே ஒன்று, அதற்கு எதிரே கீழே ஒன்று. அப்படிக் குறுக்கே குறுக்கே வைத்து இறுக்க வேண்டும், வரிசையாகச் சுற்றி வந்தால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். அப்போதுதான் பால் பாக்கெட்டோடு ஸ்கூட்டரில் எதிர் பிளாக்குக்காரர் வந்து காலை ஊன்றி நின்றார். "ஏனுங்ணா, வண்டியக் குடுக்கறீங்களாமா?" யூனிட் முழுக்கத் தெரிந்திருக்கிறது. "யாரு சொன்னா?" என்றார் ராக்கியண்ணன் தலையைத் தூக்காமல். "சேகர் தம்பிதானுங்க போன வாரம் சொல்லீட்டு இருந்தாப்ல. நல்லதுதானுங். இந்த டிராபிக்குல நமக்கெல்லாம் எதுக்குங்க வண்டி?" நமக்கெல்லாமா? உனக்கும் எனக்கும் என்னய்யா சம்பந்தம், நீ ரிவர்ஸ் எடுக்கும்போது மரத்தில் இடித்தவன். சொல்லத்தான் வாயெடுத்தார், பெயரோடு சேர்த்துச் சொல்லலாம் என்று பார்த்தால் அந்த ஆளின் பெயர் வரவில்லை. எட்டு வருஷமாக எதிரே குடியிருக்கிற மனுசன். மின்வாரியத்தில் இருந்தவர், ரெண்டு பெண், பெரியவளை நாமக்கல்லில் கொடுத்தது, எல்லாம் வருகிறது, பெயர் மட்டும் வரவில்லை. முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் துழாவினார். வே என்று தொடங்கும். இல்லை, வி. ஆள் என்னென்னவோ பேசினார், வெயில், தண்ணீர் வராதது, யாரோ காலமானது. ராக்கியண்ணனின் கை தானாக ஸ்பானரைத் திருகிக்கொண்டிருந்தது. அல்லது திருகவில்லை. ஸ்கூட்டர் போய்த் திரும்பி மறைந்ததும் பட்டென்று வந்து விழுந்தது: வெங்கடாசலம். வெங்கடாசலம்தானே! கத்திவிடலாம் போல இருந்தது. போறவரைக் கூப்பிட்டு, யோவ் வெங்கடாசலம், உன் பேரு எனக்குத் தெரியுமய்யா என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

மூன்றாவது சக்கரத்துக்கு ஜாக்கியை நகர்த்தும்போதுதான் அந்த நினைப்பு குறுக்கே விழுந்தது. முன் வலதில் நாலையும் இறுக்கினேனா? மேலே ஒன்று இறுக்கினது நினைவிருக்கிறது, கீழேயும். அப்புறம் வெங்கடாசலம். இறுக்கியிருப்பேன். கை பாட்டுக்குச் செய்திருக்கும், கையை நம்பலாம். கையை நம்பித்தானே அன்றைக்குக் கதவுச் சத்தம் கேட்டதும் கிளம்பினாய் என்றது உள்ளே. சரிதான் போ, இறுக்கியிருப்பேன். பின் வலதைக் கழற்றினார். வெயில் மரத்தை விட்டு நகர்ந்து முதுகில் விழுந்தது. சேகருக்கு என்ன தெரியும் கதவுச் சத்தத்தைப் பற்றி? டிரைவர் என்றால் ஓட்டத் தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஓட்டுவது பாதிதான். மீதிப் பாதி பின்னால் இருப்பவரைப் பார்க்காமல் இருப்பது. வண்டிக்குள் இருக்கிற நடுக் கண்ணாடியை ராக்கியண்ணன் எப்போதும் கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார், பின்னால் வருகிற வண்டிக்கு வெளிக் கண்ணாடி போதும். ஒரு தரம் ஓர் அய்யா, பெரிய கோபக்காரர், மேட்டூரிலிருந்து வரும்போது போனில் ஏதோ செய்தி கேட்டார், கேட்டுவிட்டு ஈரோடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தார். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சுகிற ஒலி மட்டும். என்ன ஆச்சுங்கய்யா என்று கேட்கவில்லை, திரும்பவில்லை, கண்ணாடி கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கும்போது அவர் ராக்கியண்ணனின் தோளில் கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றார். அதுதான் மரியாதை. ஓய்வுபெற்ற அன்றைக்கே ராக்கியண்ணன் இந்தக் காரை வாங்கினார். முதல் நாள் மயிலாத்தாள் முன் கதவைத் திறந்து ஏறப் போனாள். இவர்தான் தடுத்தார். "முன்னாடி டபேதார் உக்கார்ற எடம் புள்ளே, பைலைத் தூக்கீட்டு. நீ பின்னாடி உக்காரு. எத்தனை பேத்த உக்கார வெச்சு ஓட்டியிருப்பேன், இனி உன்னைய உக்கார வெச்சு ஓட்டறேன்" என்றார். அவள் சிரித்துக்கொண்டு பின்னால் போனாள். பதினொரு வருஷம் பின்னால்தான். அதைவிடப் பெரிசாக ஒரு மனுசன் தன் பெண்டாட்டிக்கு என்ன செய்துவிட முடியும் என்று அன்றைக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஆனால் இந்த ஒன்பது நாளில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. பதினொரு வருஷத்தில் வண்டி ஓடும்போது ஒரு தரமாவது அவள் முகத்தைப் பார்த்திருக்கிறோமா? பார்த்ததில்லை. அவள் பின்னால் தூங்கினாளா, வெளியே பார்த்தாளா, அந்த அய்யா மாதிரி எப்போதாவது அழுதாளா, ஒன்றும் தெரியாது. மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஒருத்தியைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார வைத்துவிட்டோம் என்று தோன்றியபோது ராக்கியண்ணனின் கையிலிருந்து நட்டு ஒன்று நழுவி வண்டிக்கு அடியில் உருண்டது. படுத்து, கையை விட்டுத் துழாவி எடுத்தார். எடுத்துக்கொண்டு எழும்போது கோபமெல்லாம் சேகரை விட்டுத் தன் பக்கமாகத் திரும்பியிருந்தது. தப்புதான். தப்பு என்றால் தப்பு. அதற்காக? தப்புப் பண்ணினவன் வண்டியை விற்றுவிட வேண்டுமா, தப்பைத் திருத்த வேண்டுமா?

நாலாவதை மாட்டிக்கொண்டிருக்கும்போதே சேகர் வந்துவிட்டான், ஒன்பதரைக்கே. கூடவே வண்டி வாங்க வந்த சித்தோட்டுக்காரர் ஒருவர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். சேகர் அப்பாவின் கையையும் கைலியையும் பார்த்தான். கருப்பாக இருந்தன. "என்னங்கப்பா இது! கழுவி மட்டும் வையுங்கன்னு தானே சொன்னேன்?" "எட்டாயிரம் ஆயிருச்சு" என்றார் ராக்கியண்ணன். வந்தவர் குனிந்து பார்த்தார். "நீங்களேவா மாத்துனீங்க? அஞ்சுமா?" என்றார். அவர் குரலில் இருந்தது மரியாதையா, இரக்கமா என்று பிரிக்க முடியவில்லை. ராக்கியண்ணன் கழற்றின முன் இடது சக்கரத்தை டிக்கிக்குள் போட்டு மூடினார். "எல்லாம் டைட் பண்ணியாச்சுங்களா?" என்று வந்தவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். ஆச்சு என்று சொன்னால் முடிந்தது. நாக்கின் நுனியில் ஆச்சு நின்றது. ஒன்பது நாளாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு திரிந்த அத்தனை ஆச்சும் வந்து நின்றது. முன் வலதில் மேலே ஒன்று, கீழே ஒன்று, அப்புறம் வெங்கடாசலம். இறுக்கியிருப்பேன் என்பது வேறு, இறுக்கினேன் என்பது வேறு. இந்த வித்தியாசத்துக்கு நடுவில் ஒரு சக்கரம் கழன்று போகும், எதிரே வருகிறவன் என்ன பாவம் செய்தான்?

"தெரியல" என்றார் ராக்கியண்ணன். சேகர் வந்தவரைப் பார்த்தான், வந்தவர் தரையைப் பார்த்தார். பார்த்தீங்களா, நான் சொல்லல என்பது சேகரின் முகத்தில் எழுதி ஒட்டின மாதிரி இருந்தது. அதில் துக்கமும் இருந்தது, அதையும் ராக்கியண்ணன் பார்த்தார். பெற்ற பிள்ளை, எதிரியா என்ன? ஆனால் துக்கப்படுவதற்கு இங்கே என்ன இருக்கிறது? தெரியாது என்று ஒரு மனுசன் சொன்னால் அவன் செத்துப்போய்விட்டானா? "தெரியல. பேச்சுக் குடுத்துட்டே பண்ணுனேன், நெனப்பு இல்ல. அதனால மறுக்கா டைட் வெக்கறேன். பதினாறும் மறுக்கா." ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின் இடதுக்குப் போனார். "நான் வெக்கறனுங்கப்பா, குடுங்க" என்று சேகர் கையை நீட்டினான். "தொட்டீனா பாரு" என்றார். உட்கார முட்டி சம்மதிக்கவில்லை, மணைக்கட்டையை எட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேலே ஒன்று, எதிரே ஒன்று, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒவ்வொன்றையும் அசையாமல் நிற்கிற வரைக்கும் இறுக்கினார். ஏற்கெனவே இறுகித்தான் இருந்தன, இருக்கட்டும். முன் வலதுக்கு வந்தார். மூன்றாவது நட்டு ஸ்பானரைப் போட்டதும் கால் சுற்றுச் சுற்றியது. நாலாவது அரைச் சுற்று. ஆக, இறுக்கவில்லை. மறந்திருக்கிறார். மறதி வந்துவிட்டது, இது பழக்க தோஷம் இல்லை, வேறு பெயர் சொல்லி ஏமாற்ற முடியாது, வந்துவிட்டது. வந்தால் வரட்டுமே. அது வந்தது எனக்குத் தெரிகிறது இல்லையா? தெரிகிற வரைக்கும் ஒருக்கா செய்ததை ரெண்டு தரம் செய்வேன், ரெண்டு தரம் போதாவிட்டால் மூன்று தரம். நேரம்தானே போகும்? நேரத்துக்கு எனக்கென்ன பஞ்சம்? "ரெண்டு நட்டு லூசு" என்று எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். "இறுக்க மறந்துட்டேன். இப்ப இறுக்கியாச்சு."

மயிலாத்தாள் படியிறங்கி வந்தது அப்போதுதான். சேலை மாற்றியிருந்தாள், கையில் ஒயர் கூடை. மாடி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். "எங்கீம்மா கெளம்பீட்டீங்க?" என்றான் சேகர். "காங்கேயத்துக்கு. தங்கச்சிக்கு மேலுக்கு முடியலீன்னு போன் வந்துச்சு." சேகர் பஸ்ஸைப் பற்றி என்னவோ சொல்லத் தொடங்கினான். ராக்கியண்ணன் குறுக்கே வந்து நின்றார். கையைக் கைலியில் துடைத்தார். இனிக் கேட்காமல் இருந்தால் இந்த மத்தியானம் தாண்டாது என்று தோன்றிவிட்டது. மகன் இருக்கிறான், முன்பின் தெரியாத ஆள் ஒருவர் இருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும். "புள்ளே, உண்மையச் சொல்லோணும். என்ற கூட வண்டீல வரப் பயமா இருக்குதா?"

"இருக்குதுங்க" என்றாள் மயிலாத்தாள்.

ராக்கியண்ணன் சாவியை மடியிலிருந்து எடுத்தார். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அடுத்து எங்கே நீட்டுவது என்று தெரிந்தும் நீட்ட வரவில்லை.

"அன்னிக்கு அந்தப் பெஞ்சுல உக்காந்துட்டிருந்தப்பவும் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள். "நீங்க வந்துருவீங்கன்னு தெரியும், அதுக்கில்ல. வாய் மூடாம பேசீட்டே ஓட்டுவீங்க. பதில் சொல்ல ஆளில்லாமப் போறீங்களே, திடீர்னு திரும்பிப் பாத்து எதுலயாவது கொண்டுபோயி உட்ருவீங்களோன்னு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு. அத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் ஒன்பது நாளா வாயத் தெறக்கல." கூடையை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினாள். "நின்னுட்டே இருக்கீங்க. கதவத் தெறங்க."

ராக்கியண்ணனுக்குக் கண் மறைத்தது. கை பாட்டுக்குப் பின் கதவுக்குப் போயிற்று.

"அது ஆபீசருங்களுக்கு" என்றாள் மயிலாத்தாள். "முன்னாடி தெறங்க. இனி என்னைய எங்க உட்டுட்டுப் போறீங்கன்னு நானும் பாக்கறேன்."

திறந்தார். அவள் ஏறி உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். சேகர் அம்மா என்றான், அப்பா என்றான், அவங்க வந்து நின்னுட்டிருக்கறாங்களே என்று சித்தோட்டுக்காரரைக் காட்டினான். அவரோ சிரிப்பை அடக்க முடியாமல் வாயைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். "நட்டு வெச்சா பத்துக் கிலோமீட்டர் ஓட்டீட்டு மறுக்கா ஒருக்கா டைட் பாக்கோணும், அதுதான் மொறை" என்றார் ராக்கியண்ணன் அவரிடம். "இது விக்கற வண்டி இல்லீங்க. வீணா வர வெச்சுட்டோம், மன்னிச்சுக்குங்க. வேணும்னா போற வழியில பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடறேன், ஏறுங்க." அப்புறம் வண்டியைச் சுற்றி வந்து, தன் கதவைத் திறந்தபடி மகனைப் பார்த்தார். "நீயும் வர்றதுன்னா வாடா. பின்னாடி ஏறு."

சேகர் பின் கதவைத் திறந்து ஏறினான்.